புறா பந்தயம் வளர்கிறதா, தேய்கிறதா? உங்கள் கிளப்பின் ரிங் நோட்டைப் பார்த்துச் சொல்லும் முறை

ஹோமர், அதாவது தொலைவில் கொண்டுபோய் விட்டாலும் தன் கூண்டுக்கே திரும்பும் பந்தயப் புறா, வளர்க்கிற இரண்டு பேர் சந்தித்தால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். “ஒரு புறா 16 லட்சம் யூரோவுக்குப் போகிறது, இதைப் போய்த் தேய்கிறது என்கிறீர்களே” என்பார் ஒருவர். “எங்கள் கிளப்பில் பந்தயக் கூடையை நிரப்ப ஆள் இல்லை” என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் உண்மை. இருவரும் வேறு வேறு எண்ணைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் எங்கள் கிளப்பின் ரிங் நோட்டை, அதாவது குஞ்சுகளின் காலில் போடும் எண் பொறித்த வளையங்களின் பதிவேட்டை, எழுதி வருகிறவன். எந்த ஆண்டு யார் எத்தனை ரிங் வாங்கினார், எந்த ரிங் யார் கைக்கு மாறியது, எத்தனை பந்தயம் வரை வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். பழைய நோட்டுகளையும் புதிய நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பழகியதில் எனக்கு ஒரு முடிவு ஏற்பட்டிருக்கிறது. புதிதாக வந்த ஒருவர் மூன்றாவது ஆண்டும் ரிங் வாங்க வருகிறாரா? இந்த ஒரு கேள்விக்கான பதிலில்தான் வளர்ச்சியும் தேய்வும் தெரிகிறது. அதைக் கணக்கெடுப்பது எப்படி, கணக்கு மோசமாக வந்தால் அடுத்து என்ன செய்வது என்று எழுதுகிறேன். உங்கள் கிளப் எந்த நாட்டில் இருந்தாலும் வழி இதேதான்.

ஒதுக்கி வைக்க வேண்டிய எண்கள்

முதலில் ஏல விலை. 2019 மார்ச்சில் ‘அர்மாண்டோ’ என்ற பெல்ஜியப் புறா 12,52,000 யூரோவுக்கு விற்றது. 2020 நவம்பரில் ‘நியூ கிம்’ என்ற பெட்டை 16 லட்சம் யூரோவுக்குப் போனது. இரண்டையும் வாங்கியவர்கள் சீனர்கள். பெல்ஜிய ரத்தத்துக்குச் சீனாவில் எவ்வளவு மவுசு என்பதை இந்த விலை சொல்லும். எத்தனை பேர் காலையில் எழுந்து கூண்டைத் திறக்கிறார்கள் என்பதைச் சொல்லாது. இன்னொன்றும் கவனியுங்கள். நியூ கிம் விற்ற அந்த ஏலம், ஒரு லாஃப்டில், அதாவது ஒருவரின் புறாக் கூண்டில், இருந்த நானூற்றுச் சொச்சம் புறாக்களையும் மொத்தமாக விற்றுவிடுவதற்காக நடந்த ஏலம். உலகத்திலேயே அதிக விலைக்குப் புறா போன அதே விற்பனையில் பெல்ஜியத்தில் ஒரு பெரிய லாஃப்ட் காலியானது. ஏலச் செய்தியைப் படித்துவிட்டு யாராவது வளர்ச்சி என்று சொன்னால் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

இந்த விளையாட்டு இன்றைய வடிவத்தில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில்தான் எழுந்தது. சென்ற நூற்றாண்டின் நடுவில் அங்கே சங்க உறுப்பினர்கள் லட்சத்தை வெகுவாகத் தாண்டியிருந்தார்கள். இன்று இருபதாயிரத்துக்கும் கீழே. பிரிட்டனின் தேசியச் சங்கம் 1896இல் தொடங்கியது. அங்கேயும் உறுப்பினர் எண்ணிக்கை இறங்குமுகம்தான். ஜெர்மனியின் ரூர் பகுதி, வட இங்கிலாந்து போன்ற இடங்களில் சுரங்கத் தொழிலாளர்களின் வீட்டுக் கொல்லையில் வளர்ந்த விளையாட்டு இது. சுரங்கம் மூடியதும் அந்தத் தெருக்களில் லாஃப்ட்களும் குறைந்தன.

அடுத்து பரிசுப் பணம். ஒரே லாஃப்ட் பந்தயம் என்ற முறை 1990களில் தென்னாப்பிரிக்காவின் ‘மில்லியன் டாலர்’ பந்தயத்தோடு உலகப் புகழ் பெற்றது. பல நாட்டுக்காரர்கள் தங்கள் குஞ்சுகளை ஒரே இடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஒரே பயிற்சியாளர் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வளர்த்து, ஒரே இடத்திலிருந்து விடுகிறார். எல்லாப் புறாவுக்கும் தூரம் ஒன்றுதான், தீவனம் ஒன்றுதான், காற்றும் ஒன்றுதான். யார் வளர்த்த வம்சம் நல்லது என்று கண்டுபிடிக்க இதைவிட நேர்மையான வழி இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். மாடி இல்லாதவர்களுக்கும், உடல் முடியாமல் போனவர்களுக்கும் இது ஒரு வாசல். ஆனால் அந்த உரிமையாளர் கூண்டு கூட்டுவதில்லை, விசில் அடிப்பதில்லை, வானத்தைப் பார்த்துக் காத்திருப்பதில்லை. அவரை லாஃப்ட் வைத்திருப்பவர் கணக்கில் சேர்த்தால் உங்கள் கணக்கு பொய்யாகிவிடும். தனிப் பத்தியில் எழுதுங்கள்.

பணம் பெருகும் இடத்தில் ஆட்கள் பெருகுகிறார்கள் என்பதும் உண்மைதான். சீனாவும் தைவானும் அதற்குச் சாட்சி. கூடவே வருவது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். தைவானில் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் நடுக்கடலில் விடுகிற பந்தயங்களில் சூதாட்டப் பணம் புரள்கிறது, திரும்பாத புறாக்களோ ஏராளம். சீனாவில் ஷாங்சியூ நகரத்திலிருந்து ஷாங்காய்க்கு நடந்த ஒரு பந்தயத்தில் இருவர் தங்கள் புறாக்களைப் பால் பெட்டியில் மறைத்து அதிவேக ரயிலில் ஏற்றிவந்தார்கள். எந்தப் புறாவாலும் பறக்க முடியாத வேகம் பதிவானதால் பிடிபட்டு, 2018இல் தண்டனை பெற்றார்கள். இப்படி வருகிற வளர்ச்சியை நான் பொழுதுபோக்கின் வளர்ச்சியாக எழுத மாட்டேன்.

மூன்றாவதாகப் புறா எண்ணிக்கை. இதில்தான் கிளப்பில் இருப்பவர்களே ஏமாந்துபோகிறார்கள். உதாரணத்துக்கு, ஒரு கிளப்பில் பத்தாண்டுக்கு முன் 40 லாஃப்ட், 1,200 ரிங். இன்று 25 லாஃப்ட், 1,500 ரிங் என்று வைத்துக்கொள்வோம். ரிங் விற்பனை ஏறியிருக்கிறது, ஆண்டறிக்கையில் மகிழ்ச்சியாக எழுதலாம். லாஃப்டுக்கு 30 ரிங் என்றிருந்தது 60 ஆகிவிட்டது என்பதுதான் நிஜம். மீதம் இருப்பவர்கள் பெரிதாகிவிட்டார்கள், சிறியவர்கள் போய்விட்டார்கள். பன்னிரண்டு குஞ்சுகளோடு வருகிற புதியவர் இனிமேல் அறுபது குஞ்சுகளோடு மோத வேண்டும். அந்த 1,500 என்ற எண்ணிலேயே அடுத்த பத்தாண்டின் சரிவு இருக்கிறது.

நோட்டைப் படிக்கும் முறை

ரிங் நோட்டை நான் நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. பந்தயப் புறாவுக்குப் போடுவது இணைப்பில்லாத முழு வளையம். குஞ்சு பொரித்து ஏழு நாள் வாக்கில், முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து நுழைத்து, பின்விரலைக் காலோடு ஒட்டி மடக்கி மேலே இழுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பாதம் பருத்துவிடும். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. நாடு, ஆண்டு, எண் மூன்றும் அதில் பொறித்திருக்கும். ஆகவே ஒரு ரிங் எண் என்பது, இந்த ஆண்டில் இந்த மனிதர் தன் கையால் ஒரு குஞ்சைத் தூக்கினார் என்பதற்கான சாட்சி. உறுப்பினர் சந்தாவை நண்பருக்காகக் கட்டிவிட்டுச் சும்மா இருக்கலாம். ரிங் வாங்கிவிட்டு அப்படி இருப்பவர்கள் மிகக் குறைவு.

கிடைக்கிற எல்லா ஆண்டுகளுக்கும் நோட்டை எடுத்துவையுங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ரிங் வாங்கிய லாஃப்ட் எத்தனை, அதில் முதன்முறை வாங்கியவை எத்தனை என்று எழுதுங்கள். பிறகு அந்தப் புதிய பெயர்களை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த ஆண்டு எத்தனை பெயர் திரும்ப வந்தது? அதற்கடுத்த ஆண்டு? மூன்றாவது ஆண்டும் வந்தவரை நான் நிலைத்தவர் என்று கணக்கிடுகிறேன். முதல் ஆண்டு ஆர்வத்தில் ஓடிவிடும். இரண்டாம் ஆண்டு, போட்ட செலவுக்காகவாவது தொடர்வார்கள். மூன்றாம் ஆண்டில் இருப்பவர் சொந்தமாக ஜோடி சேர்த்து, சொந்தக் குஞ்சை விட்டு, அது திரும்பி வந்ததைப் பார்த்தவராக இருப்பார். அப்படிப்பட்டவர் லேசில் போவதில்லை.

இன்னொரு பக்கத்தில், நிலைத்தவர்களில் ஒவ்வோர் ஆண்டும் மூடிய லாஃப்ட்களை எழுதுங்கள். முதுமை, மரணம், வீடு மாற்றம், சலிப்பு, எதுவானாலும் சரி. அந்த ஆண்டு புதிதாக நிலைத்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து மூடியவற்றைக் கழியுங்கள். வருகிற விடை கூட்டல் என்றால் உங்கள் கிளப் வளர்கிறது. கழித்தல் என்றால், ரிங் எத்தனை விற்றாலும், எத்தனை கோப்பை வைத்தாலும் தேய்கிறது. ஓர் ஆண்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஐந்தாண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

பந்தய முடிவுத் தாள்களிலிருந்து ஒரு பத்தியும் சேர்க்க வேண்டும்: பருவம் முழுவதிலும் ஒரு தடவையாவது பட்டியலின் முதல் கால் பங்குக்குள் வந்த லாஃப்ட்கள் எத்தனை? பாதிக்கு மேல் என்றால் கிளப் ஆரோக்கியமாக இருக்கிறது. அதே மூன்று பெயர்கள்தான் எல்லா வாரமும் மேலே நிற்கின்றன என்றால், மற்றவர்கள் எதற்காகக் கூடை தூக்கி வருகிறார்கள் என்று யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஏன் போகிறார்கள்

காரணங்களை நீட்டி எழுதத் தேவையில்லை, பெரும்பாலானவை உங்களுக்கே தெரியும். இடம் சுருங்கிவிட்டது. அக்கம்பக்கத்தார் எச்சத்துக்காகச் சண்டைக்கு வருகிறார்கள். பறவைக் காய்ச்சல் பரவும் பருவத்தில், புறாவுக்கு அது எளிதில் தொற்றுவதில்லை என்றாலும், பறவைகளை ஒன்றுகூட்டத் தடை வருகிறது. டி.டி.டி. பூச்சிமருந்தால் சென்ற நூற்றாண்டில் அழிவின் விளிம்புக்குப் போன பொரி வல்லூறு, அந்த மருந்தைத் தடைசெய்த பிறகு பல நாடுகளில் மீண்டு பெருகியிருக்கிறது. அது நல்ல செய்தி. அதே சமயம் பறக்கவிடும் ஒவ்வொரு காலையும் நமக்குக் கவலையான காலை. பெரும்பாலான நாடுகளில் அது சட்டப் பாதுகாப்பில் உள்ள பறவை. அதன்மேல் கை வைப்பவர் சட்டத்தை மீறுவதோடு நம் எல்லோரின் பெயரையும் கெடுக்கிறார். பறக்கவிடும் நேரத்தை நாளுக்கு நாள் மாற்றுங்கள், வல்லூறு கூடு கட்டிக் குஞ்சுக்கு இரை தேடும் வாரங்களில் கூட்டத்தை உள்ளேயே வையுங்கள். வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு காரணங்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் அவற்றைப் பேசத் தயங்குகிறோம்.

ஒன்று நுரையீரல். புறாவின் இறகிலிருந்து உதிரும் வெண்பொடியும் காய்ந்த எச்சத்தின் தூசியும் சிலருடைய நுரையீரலில் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். கூண்டு கூட்டிய சில மணி நேரத்தில் இருமல், காய்ச்சல், மூச்சு வாங்குதல் வந்து, மறுநாள் அடங்கிவிடும். சாதாரணச் சளி என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் நிரந்தரத் தழும்பாகிவிடும். நல்ல கைராசியுள்ள வளர்ப்பாளர்கள் மருத்துவர் சொன்னதால் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாளிலிருந்தே தூசி வடிகட்டும் முகக்கவசம், கூண்டுக்கென்று தனிச் சட்டை, நல்ல காற்றோட்டம். புதியவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

மற்றொன்று இழப்பு. 1997 ஜூனில் பிரிட்டன் தேசியச் சங்கத்தின் நூற்றாண்டுப் பந்தயத்துக்காக பிரான்சின் நாந்த் நகரத்திலிருந்து சுமார் 60,000 புறாக்களை விட்டார்கள். பல ஆயிரம் திரும்பவே இல்லை. அந்த நேரத்தில் கடலைத் தாண்டிய கான்கார்டு விமானத்தின் ஒலியதிர்வு குழப்பியிருக்கலாம் என்ற விளக்கம் பிரபலமானது. அதன் அளவுக்கு இல்லாவிட்டாலும், சின்ன அளவில் இது எல்லா கிளப்பிலும் நடக்கிறது. பத்து குஞ்சு அனுப்பி இரண்டு திரும்பினால், பழையவருக்கு அது மோசமான வாரம். புதியவருக்கு அதுதான் முழு லாஃப்ட். ஆட்கள் வெளியேறும் தேதியையும் மோசமான பந்தயங்களின் தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள், சொல்வது புரியும்.

புதியவரை முதல் பருவம் தாண்டச் செய்வது

இது உங்கள் கையில் இருக்கிற வேலை. புதியவரின் முதல் பருவத்துக்கு ஒரே ஓர் இலக்கு வையுங்கள்: அவர் விட்ட குஞ்சுகளில் பெரும்பகுதி பருவ முடிவில் அவர் கூண்டில் இருக்க வேண்டும். பரிசு, இடம் எல்லாம் அதற்கடுத்த ஆண்டுப் பேச்சு.

புறா வருவதற்கு முன் கூண்டைப் பாருங்கள். ஈரம் இருக்கக்கூடாது, காலை வெயில் உள்ளே விழ வேண்டும், மேலே காற்று வெளியேற வழி வேண்டும், புறா உட்காரும் உயரத்தில் நேரடியாகக் காற்று அடிக்கக்கூடாது. ஒவ்வொரு புறாவுக்கும் தனியாக ஓர் உட்கார் கட்டை. முன்னால் இறங்குபலகை, அதிலிருந்து உள்ளே மட்டும் போகக்கூடிய ட்ராப் என்ற வாசல். பன்னிரண்டு முதல் இருபது குஞ்சு போதும். கூட்டம் அதிகமானால் நோய் அதிகமாகும் என்பது இந்தத் தொழிலில் விதிவிலக்கில்லாத சட்டம்.

அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே போய்ப் பேசச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். ஒழுங்காகப் பழக்கிய ஹோமர் அடுத்தவர் கூரையில் உட்காராது. பசியோடு பறந்து, இறங்கியதும் உள்ளே போய்விடும். இதைச் செய்து காட்டிவிட்டால் பாதிச் சண்டை வராது.

வளர்ந்த புறாவை விலைக்கு வாங்கி விடப் பார்ப்பார்கள், தடுத்துவிடுங்கள். அது தான் பிறந்த கூண்டுக்கே திரும்பிவிடும். இனப்பெருக்கத்துக்கு உள்ளேயே அடைத்து வைப்பதற்கு மட்டும்தான் வளர்ந்த புறா உதவும். பறப்பதற்கு, தாய் தந்தையிடமிருந்து அப்போதுதான் பிரித்த, நான்கு வார வயதுக் குஞ்சுகளைக் கொடுங்கள். கிளப்பில் நிலைத்தவர்கள் ஆளுக்கு இரண்டு கொடுத்தால் போதும், புதியவரின் கூண்டு நிறைந்துவிடும். கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். உங்கள் இரண்டாம் தரக் குஞ்சைத் தள்ளிவிட்டு, “பார்ப்போம், தேறுகிறதா” என்று சொல்வது, ஆளை வரவழைத்துவிட்டு அனுப்பிவைக்கிற வேலை. ரிங் உரிமைச் சீட்டை அன்றைக்கே அவர் பெயருக்கு மாற்றி, நோட்டிலும் எழுதிவிடுங்கள்.

பாராமிக்ஸோ வைரஸ் தடுப்பூசி கட்டாயம். அந்த நோய் வந்தால் புறா நீர்நீராகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும், தானியத்தைக் குறிபார்த்துக் கொத்த முடியாமல் தவிக்கும். தொண்டையில் மஞ்சள் படலமாக வரும் கேங்கர், குடலைப் பிடிக்கும் காக்சிடியோசிஸ், புழு இவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு மருந்து கலக்காமல், எச்சத்தையும் தொண்டைத் துடைப்பையும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். தீவனம் புறாவுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் வாக்கில். பட்டாணி வகை, மக்காச்சோளம், கோதுமை, சோளம் கலந்து, கூடவே செரிமானத்துக்கு உதவும் பொடிக்கல் கலவையான கிரிட். எல்லா வேளையும் தட்டு நிறைய வைத்தால் விசிலுக்கு மதிப்பே இருக்காது.

கூண்டைப் பழக்குவதில் அவசரம் வேண்டாம். முதல் வாரம் முழுக்க உள்ளே. தீவன டப்பாவைக் குலுக்கி விசில் அடித்து, அந்தச் சத்தத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துப் பதியவைக்க வேண்டும். அடுத்து இறங்குபலகையின் மேல் ஒரு கம்பிக்கூண்டு வைத்து, தினம் கொஞ்ச நேரம் அதில் விட்டு, கூரையையும் மரத்தையும் வானத்தையும் பார்க்கவிடுங்கள். அதற்குப் பிறகு மாலைத் தீவனத்துக்கு முன், பசியாக இருக்கும்போது கதவைத் திறந்து விலகி நில்லுங்கள். கைதட்டி விரட்டக்கூடாது. மிரண்டு எழும்பிய குஞ்சு திசை தெரியாமல் போய்விடும். தானாக வெளியே வந்து, தானாகக் கூரை ஏறி, விசிலுக்கு உள்ளே வரும். சில வாரத்தில் கூட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கும். ஒருநாள் கண்ணுக்கு மறைந்து போய், அரைமணியோ ஒருமணியோ கழித்து வரும். அன்றிலிருந்துதான் அது டாஸுக்கு, அதாவது தள்ளிக் கொண்டுபோய் விட்டுத் திரும்பவைக்கும் பயிற்சிக்கு, தயார்.

முதல் டாஸ் 5 கிலோமீட்டர் போதும். பிறகு 10, 20, 40, 60 என்று, பந்தயம் வருகிற திசையில். தெளிந்த வானம், பொழுது நிறைய மீதமிருக்கும் காலை நேரம். மூடுபனியிலோ உச்சி வெயிலிலோ விட வேண்டாம். நேரம் தாழ்ந்து வந்தாலோ ஒன்றிரண்டு குறைந்தாலோ அதே தூரத்தை இன்னொரு தடவை விடச் சொல்லுங்கள். இங்கேதான் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். புதியவருக்கு அடுத்த தூரத்துக்குத் தாவத்தான் மனம் துடிக்கும். என் அனுபவத்தில், பெரிய கூட்டத்தோடு கலந்து பறப்பதற்கு முன் குஞ்சைச் சின்னக் குழுவாகவும் தனியாகவும் விட்டுப் பழக்கியவர்களுக்குப் பந்தய இழப்பு குறைவு. தனியாக வந்து பழகிய குஞ்சு, கூட்டம் நம் கூண்டைத் தாண்டிப் போகும்போது பிரிந்து இறங்கும் தைரியம் உள்ளதாக இருக்கும்.

முதல் பந்தயத்துக்கு முன் வேகக் கணக்கை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். இது தெரியாததால் மனம் நொந்து போனவர்கள் உண்டு. காலை 6:30க்கு விட்ட புறா 285 கிலோமீட்டரில் இருக்கும் லாஃப்டுக்கு 10:30க்கு வந்தது. 240 நிமிடம், நிமிடத்துக்கு 1,187.5 மீட்டர். இன்னொன்று 300 கிலோமீட்டரில் இருக்கும் லாஃப்டுக்கு 10:40க்கு வந்தது. 250 நிமிடம், நிமிடத்துக்கு 1,200 மீட்டர். பத்து நிமிடம் பின்னால் வந்த புறாதான் வென்றது. அளந்து பார்ப்பது தூரத்தை நேரத்தால் வகுத்த வேகத்தை. காற்று பக்கவாட்டில் அடித்தால் ஒரு பக்கத்து லாஃப்ட்களுக்கு அனுகூலம், பின்னால் இருந்து தள்ளினால் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டலாம். இதெல்லாம் தெரிந்தால், தன் புறா சோம்பேறி என்று புதியவர் நினைக்க மாட்டார்.

கடிகாரம் அடுத்த தடை. முன்பெல்லாம் பந்தயத்துக்கு ஏற்றும்போது காலில் ரப்பர் வளையம் மாட்டுவார்கள். புறா வந்ததும் பிடித்து, அதைக் கழற்றி, பூட்டிய கடிகாரத்தில் போட்டுத் திருகினால் நேரம் பதியும். 1990களிலிருந்து மின்னணு முறை வந்துவிட்டது. காலில் சிப் வளையம், இறங்குபலகையில் ஆன்டெனா, புறா மிதித்ததும் பதிவு. வசதிதான், ஆனால் புதியவருக்கு இதுதான் பெரிய முதல் செலவு. கிளப் சொந்தமாக இரண்டு செட் வாங்கி வைத்து, முதல் இரண்டு பருவத்துக்குக் கடனாகக் கொடுங்கள். கோப்பைக்குச் செலவழிக்கிற பணத்தில் இதைச் செய்யலாம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: மேசை நிறையக் கோப்பை வைத்திருந்தும் ஆள் இல்லாத கிளப்பைவிட, கடிகாரம் கடன் கொடுக்கும் கிளப் நீண்டநாள் வாழும்.

முடிவுத் தாளில் இரண்டு மாற்றம் செய்யுங்கள். முதல் மூன்று ஆண்டுக்காரர்களுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். பொதுப் பட்டியலில் எழுபதாவது இடம் என்பது ஒன்றும் சொல்லாது. புதியவர்களில் இரண்டாவது என்றால் அவர் அடுத்த வாரம் வருவார். அத்துடன், அனுப்பியது எத்தனை, அன்று மாலைக்குள் வந்தது எத்தனை, மறுநாள் வந்தது எத்தனை, வராதது எத்தனை என்று எல்லா லாஃப்டுக்கும் அச்சிடுங்கள். இதற்கு எதிர்ப்பு வரும். இழப்பை மறைத்து நடத்தினால் வெளியே நம்மைக் குறைசொல்பவர்களுக்குப் பதில் சொல்ல வாய் இருக்காது, உள்ளே புதியவருக்கும் தான் மட்டும் தோற்றதாகத் தோன்றும். இழப்பு எண் கண்ணுக்கு முன்னால் இருந்தால், விடுவதற்கு முன் பறக்கும் வழி முழுவதற்கும் வானிலை பார்க்கும் பொறுப்பு தானாக வரும். எதிர்க்காற்றோ மழைத்திரையோ கடும் வெப்பமோ இருந்தால் ஒருநாள் தள்ளிப்போடவும், முடியாவிட்டால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவரவும் கிளப்புக்குத் துணிச்சல் வேண்டும்.

வழி தவறி வேறொரு கூண்டில் இறங்கிய புறாவைப் பற்றித் தகவல் வந்தால், ரிங் எண்ணை நோட்டில் பார்த்து உடனே உரிமையாளருக்குச் சொல்லுங்கள். “அது எனக்கு வேண்டாம்” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். புதியவர் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ள விடாதீர்கள். தீவனமும் தண்ணீரும் கொடுத்து இரண்டு நாள் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் அது எழும்பி வீட்டுக்கு வந்துவிடும்.

ஆண்டு முடிவில்

இறகு உதிர்ப்புக் காலம் வந்து, பந்தயம் நின்ற பிறகு, அடுத்த ஆண்டுக்கான ரிங் விற்பனை தொடங்கும். அப்போது சென்ற ஆண்டு வாங்கி இந்த ஆண்டு வராத பெயர்களை நோட்டில் கோடிட்டு, ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பாருங்கள், அல்லது போனில் கூப்பிடுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே பெயருக்கு எதிரே எழுதுங்கள். உடம்பு முடியவில்லை என்றால் ஒரே லாஃப்ட் பந்தயத்தையோ, இன்னொருவரோடு கூட்டாக வளர்ப்பதையோ சொல்லலாம். இடம் போய்விட்டது என்றால், கிளப் இடத்தில் சின்னப் பொதுக்கூண்டு கட்ட முடியுமா என்று அடுத்த கூட்டத்தில் வையுங்கள். குஞ்செல்லாம் தொலைந்துவிட்டது என்றால், அன்றைக்கே நான்கு குஞ்சு தருவதாகச் சொல்லி, எந்த வாரம் தருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். “யாரும் என்னிடம் பேசவே இல்லை” என்ற பதிலும் வரும். நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்த பதில் அது. அந்தப் பெயருக்கு எதிரே, அடுத்த பருவம் முழுக்க அவரோடு டாஸுக்குப் போகப்போகிற மூத்தவர் ஒருவரின் பெயரை எழுதிவிட்டு நோட்டை மூடுங்கள்.